மொத்தம் எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்: பிளஸ் டூ மதிப்பெண்ணும் கல்லூரி இடமும்

மே மாதம் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் இராயபுரம் முதல் எண்ணூர் வரை எல்லா வீடுகளிலும் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது. "அறுநூறுக்கு எவ்வளவு?" உறவினர்கள் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள், பள்ளிவாசலில் சந்திப்பவர்களும் கேட்கிறார்கள். 500-க்கு மேல் என்றால் "மாஷா அல்லாஹ்" என்று வாழ்த்துகிறோம். 400-க்குக் கீழ் என்றால் "சரி, ஏதாவது வேலையில் சேர்த்துவிடுங்கள்" என்று ஆலோசனை சொல்கிறோம்.

பெரும்பாலான கல்லூரி வாசல்கள் அந்த மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. எந்தப் பாடத்தில் எத்தனை, எந்தப் பிரிவுச் சான்றிதழ், எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு முதல் படித்தார், விருப்பப் பட்டியலை எப்படி நிரப்பினார் ஆகிய நான்கும் சேர்ந்துதான் இடத்தைத் தீர்மானிக்கின்றன. இது தெரியாததால் நல்ல மதிப்பெண் எடுத்தும் இடத்தை இழந்த பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். சுமாரான மதிப்பெண்ணோடு நல்ல கல்லூரியில் அமர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இந்தக் கணக்கை வீட்டில் உள்ள எல்லோரும் ஒருமுறை புரிந்துகொள்வது நல்லது.

மொத்த மதிப்பெண் வேறு, கட்-ஆஃப் வேறு

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கு மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. 2007-ஆம் ஆண்டு முதல் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை நடக்கிறது. அதற்கான கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்தில் எடுத்த மதிப்பெண் அப்படியே 100-க்குச் சேரும். இயற்பியலில் எடுத்ததில் பாதி, வேதியியலில் எடுத்ததில் பாதி சேரும். தமிழ், ஆங்கிலம், கணினி அறிவியல் அல்லது உயிரியல் ஆகியவை இந்தக் கணக்கில் வராது.

இரண்டு மாணவர்களை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முதல் மாணவர் தமிழில் 95, ஆங்கிலத்தில் 92, கணிதத்தில் 70, இயற்பியலில் 75, வேதியியலில் 78, கணினி அறிவியலில் 98 எடுத்திருக்கிறார். மொத்தம் 508. இரண்டாம் மாணவர் தமிழில் 72, ஆங்கிலத்தில் 68, கணிதத்தில் 92, இயற்பியலில் 86, வேதியியலில் 84, கணினி அறிவியலில் 80 எடுத்திருக்கிறார். மொத்தம் 482.

வீட்டில் முதல் மாணவருக்குத்தான் இனிப்பு கொடுப்பார்கள். ஆனால் அவருடைய கட்-ஆஃப் 70 + 37.5 + 39 = 146.5. இரண்டாமவருடைய கட்-ஆஃப் 92 + 43 + 42 = 177. மொத்தத்தில் 26 மதிப்பெண் பின்தங்கியவர் பொறியியல் தரவரிசையில் 30.5 மதிப்பெண் முன்னால் நிற்கிறார். தரவரிசையில் இது பல ஆயிரம் இடங்கள் வித்தியாசம்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. பொறியியல் ஆசை உள்ள பிள்ளைக்குக் கணிதத்தில் ஒரு மதிப்பெண் என்பது கட்-ஆஃபிலும் ஒரு மதிப்பெண். இயற்பியலிலும் வேதியியலிலும் ஒரு மதிப்பெண் என்பது அரை மதிப்பெண். டியூஷனுக்குச் செலவழிக்கக் கையில் இருப்பது கொஞ்சம் பணம்தான் என்றால் அதை எந்தப் பாடத்துக்குச் செலவிடுவது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

இருவர் ஒரே கட்-ஆஃப் எடுத்தால் முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல் மதிப்பெண் என்று ஒப்பிடுவார்கள். எல்லாமே சமமாக இருந்தால் பிறந்த தேதி பார்க்கப்படும். அதுவும் சமமானால் சமவாய்ப்பு எண் முடிவு செய்யும்.

விண்ணப்பிக்கவே ஒரு குறைந்தபட்ச எல்லை இருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றின் சராசரி பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் இருக்க வேண்டும். தேர்ச்சி பெற 35 போதும் என்பதால் "பாஸ் ஆகிவிட்டானே, பிறகென்ன" என்று இருந்துவிடக் கூடாது.

ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு கணக்கு

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மொழிப் பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களை 400-க்குக் கூட்டித் தரவரிசை போடுகிறார்கள். பி.ஏ. தமிழ், பி.ஏ. ஆங்கிலம் போன்றவற்றுக்கு அந்த மொழிப் பாடத்தின் மதிப்பெண் பார்க்கப்படும். மேலே சொன்ன முதல் மாணவர் பி.ஏ. ஆங்கிலத்துக்கு 92 மதிப்பெண்ணோடு முன்வரிசையில் இருப்பார், இரண்டாமவர் 68-உடன் பின்னால் இருப்பார். பொறியியலில் தோற்றவர் இங்கே வெல்கிறார். மதிப்பெண் பட்டியல் அதேதான், எந்த வாசலில் அதை நீட்டுகிறோம் என்பதுதான் வேறு.

கால்நடை மருத்துவத்துக்கு நீட் தேவையில்லை. உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். மீன்வளப் படிப்பும் பிளஸ் டூ மதிப்பெண் வழியாகத்தான். எண்ணூரிலிருந்து அதிகத் தூரமில்லாத பொன்னேரியிலேயே டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கடலை நம்பி வாழும் காசிமேடு, எண்ணூர்ப் பகுதிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் போன்ற துணை மருத்துவப் படிப்புகளும், ஐந்தாண்டுச் சட்டப் படிப்பும் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையிலேயே நிரப்பப்படுகின்றன.

எம்.பி.பி.எஸ். கதை வேறு. இராயபுரத்துப் பிள்ளைகள் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் மதில் ஓரமாக நடந்துதான் வளர்கிறார்கள். 1938 முதல் அது நம் தெருமுனையில் இருக்கிறது. ஆனால் 2017 முதல் அதன் கதவு நீட் தேர்வு வழியாகத்தான் திறக்கிறது. நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 கழிவு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியலில் குறைந்தபட்சத் தகுதி இருந்தால் போதும். அதற்கு மேல் எடுத்த மதிப்பெண் மருத்துவத் தரவரிசையில் சேராது. அரும்பாக்கம் அரசு யுனானி மருத்துவக் கல்லூரிக்கும், சித்தா, ஆயுர்வேதப் படிப்புகளுக்கும்கூட நீட் வேண்டும்.

என்.ஐ.டி.களில் சேர ஜே.இ.இ. மெயின் தேர்வோடு பிளஸ் டூவில் 75 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், அல்லது அந்த வாரியத்தின் முதல் 20 சதமானத்துக்குள் வர வேண்டும். அங்கே பள்ளி மதிப்பெண் ஒரு நுழைவுச்சீட்டு மட்டும்தான். இடத்தைத் தருவது நுழைவுத் தேர்வுத் தரவரிசை.

பத்தாம் வகுப்பும் வீணில்லை

"பிளஸ் டூ மதிப்பெண்தானே பார்க்கிறார்கள், மற்றதெல்லாம் எதற்கு?" என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். 2021-ஆம் ஆண்டை அவர்களுக்கு நினைவூட்டுவோம். கொரோனாவால் அந்த ஆண்டு பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20 சதவீதம், பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் எடுத்து மதிப்பெண் போட்டார்கள். பத்தாம் வகுப்பில் அலட்சியமாக இருந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு கழித்து அந்த அலட்சியம் கல்லூரி வாசலில் வந்து நின்றது.

சாதாரண ஆண்டுகளிலும் பாலிடெக்னிக் முதலாம் ஆண்டுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் அடிப்படை. செய்முறை உள்ள பாடங்களில் 100-இல் 70 மட்டுமே எழுத்துத் தேர்வு, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. அந்த 30 மதிப்பெண்ணும் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிற பிள்ளையின் கைக்கு எளிதில் வருவது. கடையில் ஆள் இல்லை, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று பிள்ளையை அடிக்கடி லீவு போடச் சொல்லும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

3.5 சதவீதம் எப்படி வேலை செய்கிறது?

2007-இல் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள்ளிருந்து முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனியாகப் பிரிக்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் 1000 இடங்கள் இருந்தால் பொதுப்போட்டிக்கு 310, பி.சி. 265, பி.சி. முஸ்லிம் 35, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 200, எஸ்.சி. 180, எஸ்.டி. 10 என்று பிரிகின்றன.

இதில் இரண்டு தவறான எண்ணங்கள் நம்மிடம் உண்டு. ஒன்று, "நமக்கு 3.5 சதவீதம்தான்" என்பது. அப்படியல்ல. பொதுப்போட்டியின் 31 சதவீதம் எல்லோருக்கும் உரியது. நல்ல தரவரிசை எடுத்த முஸ்லிம் மாணவர் முதலில் பொதுப்போட்டி இடத்தில்தான் அமர்வார். அப்போது 3.5 சதவீதத்தின் இடம் அவருக்குப் பின்னால் வரும் இன்னொரு பிள்ளைக்கு மிச்சமாகிறது. ஒரு பிள்ளை நன்றாகப் படித்தால் பலன் அவரோடு நிற்பதில்லை.

இரண்டாவது, "கோட்டா இருக்கிறது, எப்படியும் கிடைத்துவிடும்" என்பது. 60 இடங்கள் உள்ள ஒரு பாடப்பிரிவில் 3.5 சதவீதம் என்றால் இரண்டு இடங்கள்தான். மாநிலம் முழுவதிலும் உள்ள முஸ்லிம் பிள்ளைகள் அந்த இரண்டுக்குப் போட்டியிடுவார்கள். பெயர்பெற்ற கல்லூரிகளில் பி.சி. முஸ்லிம் பிரிவின் கடைசிக் கட்-ஆஃபும் உயரமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவுக்கும் முந்தைய ஆண்டு எந்தக் கட்-ஆஃபில் இடங்கள் முடிந்தன என்பது பொறியியல் கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. ஊகத்தை விட்டு அதைப் பார்த்துப் பேசுவோம்.

தனியார் பொறியியல் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தைக் கலந்தாய்வுக்குத் தர வேண்டும். சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம் தந்தால் போதும். மீதியை அவர்களே நிரப்புவார்கள். எனவே சிறுபான்மைக் கல்லூரிகளில் கலந்தாய்வு வழி ஒன்று, நேரடி விண்ணப்பம் ஒன்று என இரண்டு வழிகளிலும் முயலலாம்.

சான்றிதழில் தவறினால் மதிப்பெண் உதவாது

பி.சி. முஸ்லிம் பட்டியலில் இருப்பவை அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவுகள். சான்றிதழில் இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். வெறுமனே "முஸ்லிம்" என்று பள்ளி ஆவணத்தில் இருந்தால் அதை நம்பி இருந்துவிடாமல் சாதிச் சான்றிதழை முன்கூட்டியே இ-சேவை மையம் வழியாக வாங்கி வைக்க வேண்டும். மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனி. அதற்கான பட்டியலும் வருமான நிபந்தனையும் வேறு. மாநிலச் சான்றிதழை அங்கே காட்ட முடியாது.

இன்னொரு சிக்கல் நம் வீடுகளில் மட்டும் அதிகம். ஆதாரில் "முகமது", பள்ளியில் "முஹம்மது", பிறப்புச் சான்றிதழில் சுருக்கமாக ஓர் எழுத்து. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயர் நான்கு விதமாக மாறுகிறது. அத்தாவின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுப்பெயராகவும் இருக்கிறது. கலந்தாய்வில் சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் இது தெரியவந்தால் ஓடித் திருத்த அவகாசம் இருக்காது. பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப்பட்டியல் தயாரிப்பார்கள். அப்போதே பெற்றோர் நேரில் சென்று பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி, பிரிவு ஆகியவற்றைச் சரிபார்த்துவிட வேண்டும். அரை நாள் வேலைதான். ஆனால் அது ஓர் ஆண்டைக் காப்பாற்றும்.

ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு

அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-இலும் இது வந்தது. இந்த ஒதுக்கீட்டில் தொழிற்கல்வியில் சேரும் மாணவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாநகராட்சிப் பள்ளிகளும் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும். ஆனால் அரசு உதவிபெறும் பள்ளிகள் வராது. பதினொன்றாம் வகுப்பில் மட்டும் அரசுப் பள்ளிக்கு மாறியவர்களுக்கும் கிடைக்காது.

கட்டணம் கட்ட முடியாமல் தவித்துக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்குப் பிறகும் சிறிய தனியார் பள்ளியில் பிள்ளையை வைத்திருக்கும் குடும்பங்கள் இதை யோசிக்க வேண்டும். "கவர்மென்ட் ஸ்கூலா?" என்ற கூச்சத்தால் நாம் விட்டுக்கொடுப்பது ஒரு முழுப் பட்டப்படிப்பின் செலவாக இருக்கலாம்.

குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் பெற்று, கலந்தாய்வில் கிடைக்கும் தொழிற்கல்வி இடத்துக்குக் கல்விக் கட்டணச் சலுகை பெறலாம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் தருகின்றன. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

விருப்பப் பட்டியலை நிரப்பும் நாள்

பொறியியல் கலந்தாய்வு முழுவதும் இணையத்தில் நடக்கிறது. தரவரிசைப்படி சுற்றுகள் பிரிக்கப்படும். உங்கள் சுற்று வரும்போது கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்ந்த பட்டியலை வரிசையாகப் பதிவு செய்ய வேண்டும். கணினி மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் தரவரிசைக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடத்தை ஒதுக்கும்.

இதில் நடக்கும் பெரிய தவறு, நான்கைந்து கல்லூரிகளை மட்டும் எழுதுவது. அவை நிரம்பிவிட்டால் அந்தச் சுற்றில் எதுவுமே கிடைக்காது. இன்னொரு தவறு, "கிடைக்காது" என்று பயந்து விரும்பிய கல்லூரியை எழுதாமலே விடுவது. கிடைக்காத கல்லூரியை முதலில் எழுதினால் எந்த இழப்பும் இல்லை, கணினி அடுத்ததற்குப் போய்விடும். ஆகவே ஆசைப்படும் வரிசையில் எழுதுங்கள், நீளமாக எழுதுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு ஏற்றுக்கொள்ளலாம், அல்லது ஏற்றுக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். எதையும் தேர்ந்தெடுக்காமல் கெடுவைத் தவறவிட்டால் கையில் வந்த இடம் போய்விடும். அந்தச் சில நாட்கள் வீட்டில் ஒருவராவது இணையதளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தேர்வு முடிவு வந்த மறுநாளே வீட்டுக்கு வந்து "முன்பணம் கொடுங்கள், சீட் முடிந்துவிடும்" என்று அவசரப்படுத்தும் இடைத்தரகர்களிடம் கவனமாக இருங்கள். கலந்தாய்வில் பதிவுக் கட்டணம் 500 ரூபாயில் கிடைக்கக்கூடிய இடத்துக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கலந்தாய்வில் என்ன கிடைக்கிறது என்று பார்க்காமல் யாருக்கும் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

மதிப்பெண் குறைந்துவிட்டால்

எதிர்பார்த்ததைவிட ஒரு பாடத்தில் மிகக் குறைவாக வந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதைப் பார்த்துவிட்டு மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று ஆசிரியரோடு பேசி முடிவு செய்யலாம். இதற்குச் சில நாட்களே அவகாசம். தோல்வியடைந்தவர்கள் அதே கோடையில் துணைத்தேர்வு எழுதலாம். அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் உண்டு. ஓர் ஆண்டு வீணாகத் தேவையில்லை.

டிப்ளமோ வழியும் இருக்கிறது. மூன்றாண்டு பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அசோக் லேலண்ட், ராயல் என்ஃபீல்டு, எம்.ஆர்.எப்., மணலி சுத்திகரிப்பு ஆலை என்று தொழிற்சாலைகளின் நடுவே வாழும் நமக்கு, டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் என்ன மதிப்பு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒப்பந்தத் தொழிலாளியாக அந்த வாசலில் நிற்பதற்கும் தொழிற்சான்றிதழோடு நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நம் அத்தாமார்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று. "மார்க் குறைவு, தூரமாக அனுப்ப முடியாது" என்ற காரணத்தால் பிளஸ் டூவோடு நிறுத்தப்படும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். பிராட்வே பகுதியில் 1964 முதல் அரசு பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் கல்லூரி இருக்கிறது, அதன் பெயரிலேயே மெட்ரோ நிலையமும் உண்டு. வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அண்ணா சாலையில் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு திருவொற்றியூரிலிருந்து வண்டி மாறாமல் கிண்டிக்கே போய்விடலாம். தூரம் என்ற காரணம் முன்பு போல் இல்லை.

இப்போதே செய்ய வேண்டியவை

பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில், பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு எடுப்பது என்பதை எந்தப் படிப்பு வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். கணிதம் இல்லாத பிரிவை எடுத்துவிட்டுப் பிறகு பொறியியல் கேட்டால் கிடைப்பது கடினம். 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை என்பதற்காக அந்த ஆண்டைத் தூங்கிக் கழிக்க விட வேண்டாம். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பிளஸ் ஒன் பாடம் வருகிறது.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார் ஆகிய எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இந்த வாரமே ஒரு மேசையில் பரப்பிப் பாருங்கள்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். மே மாதத்தில் இரண்டு வாரம், அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம், ஒரு மடிக்கணினியும் விவரம் தெரிந்த இரண்டு கல்லூரி மாணவர்களும் பள்ளிவாசல் வளாகத்தில் உட்கார்ந்தால் போதும். பரிசளிப்பு விழாவில் முதல் மதிப்பெண் பெற்ற மூவருக்குக் கேடயம் கொடுப்பது நல்லதுதான். ஆனால் 2017-இலேயே அரசு மாநில முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்திவிட்டது. நாமும் அந்த மூவரைத் தாண்டி, 350 எடுத்து வெட்கத்தோடு கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்ப்போம். அதற்குத் திறக்கக்கூடிய ஒரு வாசல் இருக்கும், இன்ஷா அல்லாஹ். அதைத் தேடிக் கொடுப்பது பெரியவர்களாகிய நம் பொறுப்பு.